புகையானை வேட்டையாடும் பச்சைப் பூச்சி... தெரியுமா?

திருப்பரங்குன்றத்துக்கு வருகிறவர்கள் மலையைப் பார்ப்பார்கள், கோயிலைப் பார்ப்பார்கள். அடுத்த முறை வரும்போது நிலையூர்ப் பக்கம் கொஞ்ச தூரம் நடந்து, ஒரு நெல்வயலின் வரப்பில் குனிந்து, ஒரே ஒரு குத்தை மட்டும் உற்றுப் பாருங்கள்! தூரில் ஒன்று பதுங்கியிருக்கும். தண்ணீர்மேல் ஒன்று ஓடும். சுருண்ட இலைக்குள் ஒன்று நுழையும். கதிருக்கு மேலே ஒன்று வட்டமிடும். அத்தனையும் வேட்டை! நெல்லைத் தின்ன வரும் பூச்சிகளைத் தின்னும் பூச்சிகள்! பூச்சியைக் கண்டதும் தெளிப்பானைத் தூக்கிப் பழகிவிட்ட நமக்கு, அந்த மருந்தில் முதலில் சாவது யார் என்பதே தெரியாமல் போய்விட்டது. தண்ணீரில் தொடங்கி வானம் வரைக்கும் ஒவ்வொருவராகப் பார்த்துவிடுவோம், வாருங்கள்!

பகைக்கு முன்பே காவல் வந்துவிடும், தெரியுமா?

நெல்வயல் என்றால் நெல் மட்டும்தானா? இந்தோனேசியாவின் ஜாவா தீவில் வில்லியம் செட்டில் என்பவரும் அவருடைய குழுவும் வயல்வயலாக எண்ணிப் பார்த்தார்கள். 1996-ல் வெளியான அவர்களுடைய ஆய்வில் இருந்த கணக்கு, பூச்சிகளும் சிலந்திகளும் சேர்த்து 765 இனங்கள்! நெல்லைக் கடிப்பவை அதில் சிறு பகுதிதான்.

அதைவிடப் பெரிய ஆச்சரியம் இது: வேட்டைப் பூச்சிகள், தீமை செய்யும் பூச்சிகள் பெருகுவதற்கு முன்பே வயலுக்கு வந்து பெருகிவிடுகின்றன! இரையே இல்லாத நேரத்தில் எதைத் தின்று வாழும்? வயலில் தண்ணீர் கட்டியதும் மட்கும் தழையிலும் நீரின் நுண்ணுயிரிலும் வளரும் சின்னச் சின்ன ஈ இனங்கள் கூட்டங்கூட்டமாகப் பிறக்கின்றன. நெல்லுக்கு இவற்றால் எந்தக் கெடுதலும் இல்லை. நடவு முடிந்த முதல் சில வாரங்கள் வேட்டைப் பூச்சிகளுக்கு இவைதான் சோறு! பிறகு உண்மையான பகை வந்து இறங்கும்போது, வயல் முழுக்கப் பசியோடு வேட்டைக்காரர்கள் காத்திருப்பார்கள்.

இப்போது யோசியுங்கள். கண்மாய்த் தண்ணீர் பாய்ச்சி, கொழிஞ்சியையும் தக்கைப்பூண்டையும் மடக்கி உழுது, தொழுவுரம் போட்டு நடுகிறாரே ஒரு விவசாயி, அவர் பயிருக்கு மட்டுமா உணவு போடுகிறார்? காவலுக்கு வருகிறவர்களுக்கும் சேர்த்தே போடுகிறார்!

தீ வைக்காமலே வயல் எரிந்து போகும், தெரியுமா?

புகையான்! நெல் விவசாயியின் வயிற்றைக் கலக்கும் பெயர். பழுப்பு நிறம், சில மில்லிமீட்டர் நீளம். தூரின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே கூட்டமாக உட்கார்ந்து சாற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மேலிருந்து பார்த்தால் பயிர் பச்சையாகத்தான் தெரியும். திடீரென்று ஒருநாள் வயல் நடுவில் வட்டமாக ஒரு திட்டு காய்ந்து பழுப்பாகும். அந்த வட்டம் நாளுக்கு நாள் விரியும். அறுவடைக்கு நின்ற பயிர் தீயில் கருகியது போல் சாய்ந்துவிடும்.

ஒரு பெண் புகையான் தன் வாழ்நாளில் 200-க்கும் மேல் முட்டையிட வல்லது. அதுவும் எங்கே? இலையுறையைக் கீறி, திசுவுக்குள்ளே புதைத்து வைக்கும்! வெளியே ஒன்றும் தெரியாது. மருந்துத் துளியும் எளிதில் எட்டாது. ஆனால் ஒருவருக்கு மட்டும் எட்டும்!

யார் அவர்? பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சி, தெரியுமா?

இதோ நம் கதாநாயகர்! அறிவியல் பெயர் சிர்டோரைனஸ் லிவிடிபென்னிஸ். உடம்பு பச்சை, தலையிலும் தோளிலும் கறுப்பு. நீளம் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர், ஓர் எள் விதையின் நீளம்தான்! கைபட்டால் நசுங்கிவிடும் மெல்லிய உடம்பு. ஆனால் ஊசி போன்ற வாயால் இலையுறையைத் தொட்டுத் தொட்டுத் துழாவி, உள்ளே புதைந்திருக்கும் புகையான் முட்டையைச் சரியாகக் கண்டுபிடித்துக் குத்தி, உள்ளிருப்பதை அப்படியே உறிஞ்சிவிடும். மிஞ்சுவது வெறும் தோல்!

ஒரு நாளைக்கு எத்தனை? பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தின் கணக்குப்படி 7 முதல் 10 முட்டைகள், அல்லது 1 முதல் 5 வரை குஞ்சுப் பூச்சிகள்! ஒன்றுக்கு இவ்வளவு என்றால், ஒரு குத்தில் இரண்டு மூன்று இருந்தால் என்ன ஆகும்? 2, 3 வாரத்தில் வளர்ந்து முதிர்ந்து அடுத்த தலைமுறையையும் தந்துவிடும். பச்சைத் தத்துப்பூச்சியின் முட்டையையும் விட்டுவைக்காது. துங்ரோ என்னும் நச்சுயிரி நோயைப் பயிருக்குப் பயிர் பரப்புவது அந்தத் தத்துப்பூச்சிதான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இதில் இன்னொரு வியப்பு! மிரிட் குடும்பத்தில் மிகப் பலவும் செடியின் சாற்றை உறிஞ்சுபவை. முந்திரித் தோப்பையும் தேயிலைத் தோட்டத்தையும் பாடாய்ப் படுத்தும் தேயிலைக் கொசு இந்தக் குடும்பத்தில் பிறந்ததுதான். அதே குடும்பத்தில்தான் நெல்லைக் காக்கும் இந்தப் பச்சைப் பூச்சியும் பிறந்திருக்கிறது!

நெற்பயிர் ஆளனுப்பி உதவி கேட்கும், தெரியுமா?

புகையான் உறிஞ்சிய பயிர் சும்மா இருப்பதில்லை. அதன் உடம்பிலிருந்து காற்றில் கலக்கும் வாசனை மாறுகிறது. மனித மூக்குக்கு அது எட்டாது. மிரிட் பூச்சிக்கு எட்டும்! 1990-களில் நடந்த சோதனைகளில், புகையான் தாக்கிய பயிரின் வாசனையையும் நலமான பயிரின் வாசனையையும் எதிரெதிரே வைத்தபோது, மிரிட் பூச்சிகள் தாக்கப்பட்ட பயிரின் பக்கம் போயின. எல்லா நெல் ரகமும் ஒரே அளவு ஈர்ப்பதில்லை என்பதும் அப்போது தெரிய வந்தது. சில ரகங்கள் வலுவாக அழைக்கின்றன, சில அழைப்பதே இல்லை. விளைச்சலையும் சாப்பாட்டு ருசியையும் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் ரகங்களில், உதவிக்கு அழைக்கும் இந்தக் குணத்தையும் ஒருநாள் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம் என்று நினைத்தாலே உடம்பு சிலிர்க்கிறது!

இந்த எள்ளளவு உடம்பு கடல் தாண்டும், தெரியுமா?

ஜப்பானின் குளிரைப் புகையானால் தாங்க முடியாது. ஆனாலும் ஒவ்வோர் ஆண்டும் ஜூன், ஜூலை மாதங்களில் அங்கே நெல்வயல்களில் புகையான் இறங்குகிறது. எங்கிருந்து? சீனப் பெருநிலத்திலிருந்து, காற்றில் ஏறி, கடலைக் கடந்து! நடுக்கடலில் நின்ற கப்பல்களில் வலை கட்டிப் பிடித்துப் பார்த்த ஆய்வாளர்களுக்கு இன்னொரு அதிர்ச்சி காத்திருந்தது. புகையான் கூட்டத்தோடு மிரிட் பூச்சிகளும் பறந்து வந்திருந்தன! இரை கண்டம் விட்டுப் போனாலும் வேட்டைக்காரன் விடுவதில்லை.

ஒரு தீவுக்கூட்டத்தின் கரும்பையே காப்பாற்றியது மிரிட்டின் உறவினர், தெரியுமா?

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹவாய்த் தீவுகளின் கரும்புத் தோட்டங்கள் ஒரு தத்துப்பூச்சியால் அழிந்துகொண்டிருந்தன. அது புகையானின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் இயற்கைப் பகைவரைத் தேடிப் புறப்பட்டவர் பூச்சியியலாளர் ஃபிரெடெரிக் மியூர். பசிபிக் தீவுகளெல்லாம் அலைந்தவர். 1920-ல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்திலிருந்தும் ஃபிஜியிலிருந்தும் ஒரு சின்ன மிரிட் பூச்சியைக் கொண்டுவந்து ஹவாயில் விட்டார். அது தின்றது முட்டைகளை மட்டும்தான். சில ஆண்டுகளில் பெரும் பகை அடங்கியது! உலக வேளாண் வரலாற்றில் பூச்சியைப் பூச்சியால் வென்ற மாபெரும் வெற்றிகளில் அது ஒன்று. அன்று கரும்பைக் காக்கக் கடல் தாண்டிக் கொண்டுபோக வேண்டியிருந்தது. நம் நெல்லுக்கு அந்தத் தேவையே இல்லை. நம் வயலிலேயே பிறந்து வளர்கிறது!

தண்ணீரில் விழுந்தாலும் புகையானுக்குத் தப்பில்லை, தெரியுமா?

புகையானுக்கு ஒரு பழக்கம். யாராவது தொந்தரவு செய்தால் தூரிலிருந்து தண்ணீரில் குதித்துவிடும். அப்புறம் மெதுவாக ஏறிவரும். அந்த இடைவெளிக்காகவே காத்திருக்கிறது மைக்ரோவீலியா! ஒன்றரை மில்லிமீட்டர் உடம்பு. நீரில் நனையாத நுண்மயிர்க் கால்கள். வயல் தண்ணீரின் மேற்பரப்பில் சறுக்கிக்கொண்டே இருக்கும். ஒரு குஞ்சுப் புகையான் விழுந்து துடித்தால் அந்த அதிர்வு போதும். நாலா பக்கமிருந்தும் ஓடிவந்து கூட்டமாகச் சூழ்ந்து குத்தி உறிஞ்சிவிடும். தனியாகத் தாக்குவதைவிடக் கூட்டாகத் தாக்கும்போதுதான் வெற்றி அதிகம்! ஒன்று ஒரு நாளைக்கு 4 முதல் 7 வரை தின்னும். இரை கிடைக்காவிட்டாலும், வயலில் ஈரம் இருக்கும்வரை நெடுநாள் தாக்குப்பிடிக்கும்.

மேலே மிரிட் முட்டையை முடிக்கிறது. கீழே இது விழுந்ததை முடிக்கிறது. நடுவில்?

ஒரே ஒரு சிலந்தி, மருந்தடிக்கும் கணக்கையே மாற்றும், தெரியுமா?

நடுவில் இருப்பவர் ஓநாய்ச் சிலந்தி! எட்டுக் கால் இருப்பதால் பூச்சி இனத்தில் சேராது. ஆனால் வேட்டையில் பூச்சிகளுக்கெல்லாம் மூத்தவர். வலை பின்னிக் காத்திருக்கும் பழக்கமே கிடையாது. ஓடிப் பிடிப்பதுதான் வழக்கம். தண்ணீர்மேல்கூட ஓடும்! புதிதாக நட்ட வயலுக்கு முதலில் வந்து குடியேறுகிறவர்களில் இவரும் ஒருவர். ஒரு நாளைக்கு 5 முதல் 15 இரை வரை! தாய்ச் சிலந்தி முட்டைப் பையை உடம்போடு சுமந்து திரியும். பொரிந்து வரும் 60, 80 குஞ்சுகளையும் முதுகில் ஏற்றிக்கொண்டு வேட்டைக்குக் கிளம்பும்!

இதைக் கேளுங்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் புகையானுக்குச் சொல்லும் பொருளாதாரச் சேதநிலையில் சிலந்திக்கு இடம் உண்டு. சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு புகையான் வந்தால் நடவடிக்கை எடுக்க வேண்டும். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால்? தூருக்கு இரண்டு புகையான் வரும்வரை பொறுக்கலாம்! ஒரே ஒரு சிலந்தி, அந்த எல்லையை இரண்டு மடங்காக உயர்த்துகிறது. உலகம் முழுவதும் உள்ள சிலந்திகள் சேர்ந்து ஆண்டுக்கு 40 கோடி முதல் 80 கோடி டன் வரை இரை தின்கின்றன என்று 2017-ல் ஒரு கணக்கு வெளியானது. அதில் நம் ஊர் வயலின் பங்கும் சேர்த்திதான்!

சுருட்டிய இலைக்குள்ளும் பாதுகாப்பில்லை, தெரியுமா?

இலைச்சுருட்டுப்புழு தந்திரமானது. இலையின் இரு ஓரங்களையும் நூலால் இழுத்துத் தைத்து, குழாய் போலாக்கி, உள்ளே உட்கார்ந்து பச்சையத்தைச் சுரண்டித் தின்னும். வெளியே வெள்ளைக் கோடு மட்டும் தெரியும். பறவைக்கும் தெரியாது, மருந்துக்கும் எளிதில் அகப்படாது. ஆனால் ஒஃபியோனியா என்ற செம்பழுப்புத் தரைவண்டு நேராக அந்தக் குழாய்க்குள் நுழைந்துவிடும்! ஒல்லியான உடம்பு, நீண்ட கழுத்து, வேகமான கால்கள். அதன் குட்டிப்புழுவும் பளபளக்கும் கறுப்பு நிறத்தில் அதே வேட்டையைச் செய்கிறது. ஒரு நாளைக்கு 3 முதல் 5 புழுக்கள்! கூட்டுப்புழுவாகும் நேரம் வந்தால் வரப்பு மண்ணுக்குள் போய்விடும். வரப்பைப் புல்பூண்டு இல்லாமல் மொட்டையாகச் செதுக்கி எரித்துவிட்டால் இந்த வண்டு எங்கே போய்ப் பிறக்கும்?

வெட்டுக்கிளியில் நல்லவரும் உண்டு, தெரியுமா?

வெட்டுக்கிளி என்றதும் பயிரைத் தின்னும் கூட்டம்தான் நினைவுக்கு வரும். உடம்பைவிட இரண்டு மடங்கு நீளமான உணர்கொம்பு உள்ள வெட்டுக்கிளியைப் பார்த்தால் கொஞ்சம் பொறுங்கள். கொனோசெஃபாலஸ் என்னும் அந்த நீள்கொம்பு வெட்டுக்கிளி எப்போதாவது இலையையும் கதிரையும் கடிக்கத்தான் செய்யும். ஆனால் அது ஆசையாகத் தின்பது தண்டுத்துளைப்பான் அந்துப்பூச்சியின் முட்டைக் குவியலை!

தண்டுத்துளைப்பான் என்ன செய்யும் என்று நெல் போட்ட எல்லோருக்கும் தெரியும். இளம்பயிரில் நடுக்குருத்து காயும். கதிர் வந்த பிறகு தாக்கினால் வெண்கதிர்தான், மணியே இருக்காது. அதன் தாய் அந்து இலை நுனியில் முட்டைகளைக் குவித்து, தன் உடம்பின் மயிராலேயே மூடிவைக்கும். ஒரு குவியலில் பல பத்து முட்டைகள் இருக்கும். நீள்கொம்பு வெட்டுக்கிளியோ ஒரே நாளில் 3, 4 குவியல்களைத் தின்று தீர்த்துவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு நாளில் எத்தனை துளைப்பான் புழுக்கள் பிறக்காமலே போகின்றன!

தொட்டால் தோல் வெந்துவிடும் நண்பர் ஒருவர் உண்டு, தெரியுமா?

மழைக்காலத்தில் வீட்டு விளக்கைத் தேடி வரும் ஒரு மெல்லிய வண்டு. உடம்பில் செம்மஞ்சளும் கறுப்பும் மாறி மாறி, முதுகில் நீலப் பளபளப்பு. கழுத்தில் ஊர்ந்ததைத் தட்டி நசுக்கிவிட்டால், அடுத்த நாள் தீப்பட்டது போல் கொப்புளம்! பெடரஸ் என்னும் இந்த வண்டின் உடல் திரவத்தில் பெடரின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. வண்டு கடிப்பதும் இல்லை, கொட்டுவதும் இல்லை. நசுக்கினால்தான் நஞ்சு வெளியே வரும். அந்த நஞ்சைத் தயாரிப்பதும் வண்டு அல்ல, அதன் உடம்புக்குள் வாழும் ஒரு பாக்டீரியா!

அது வீட்டில் வேண்டாத விருந்தாளி, வயலில் வேண்டிய காவலாளி. தத்துப்பூச்சிகளையும் சிறு புழுக்களையும் தேடித் தேடித் தின்கிறது. மேலே உட்கார்ந்தால் நசுக்காமல் ஊதித் தள்ளிவிடுங்கள். தவறி நசுக்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

அரை மில்லிமீட்டர் குளவி முட்டையை அளந்து பார்க்கும், தெரியுமா?

ட்ரைக்கோகிரம்மா! உடம்பே அரை மில்லிமீட்டர்தான். இது தின்னும் வேட்டைக்காரர் அல்ல, ஒட்டுண்ணி. அந்துப்பூச்சியின் முட்டைமேல் ஏறி, நடந்து, உணர்கொம்பால் தட்டித் தட்டி அளக்கும். முட்டை எவ்வளவு பெரியதோ அதற்கேற்பத் தன் முட்டையை உள்ளே வைக்கும். சில நாளில் அந்த முட்டையைத் துளைத்து வெளியே வருவது புழு அல்ல, புதிய குளவிகள்!

ஆய்வகத்தில் அரிசி அந்துப்பூச்சி முட்டைகளில் இவற்றை வளர்த்து, அட்டையில் ஒட்டித் தருகிறார்கள். ஒரு சி.சி. (கன சென்டிமீட்டர்) அட்டையில் ஏறக்குறைய 20,000 முட்டைகள்! தண்டுத்துளைப்பானுக்கு ஜப்பானிக்கம் இனம், இலைச்சுருட்டுக்குக் கைலோனிஸ் இனம். நடவு முடிந்து ஒரு மாதம் ஆகும் வாக்கில் தொடங்கி, வாரத்துக்கு ஒருமுறை வயலில் கட்டுவது தமிழ்நாட்டில் பல ஆண்டாகப் பரிந்துரையில் இருக்கிறது. அட்டை கட்டிய வயலில் உடனே மருந்து அடித்தால், காசு கொடுத்து வாங்கிய காவலை நாமே கொல்கிறோம்!

மதுரைச் சீமையின் பழைய பகை ஆனைக்கொம்பன் ஈ. குருத்தை வெங்காயத் தாள் போன்ற வெள்ளிக் குழாயாக்கிவிடும், அதில் கதிரே வராது. யானைமலை அடிவாரத்தில் 1965-ல் தொடங்கிய மதுரை வேளாண்மைக் கல்லூரி, இந்த ஈயைத் தாங்கி நிற்கும் எம்.டி.யு. 3 ரகத்தைத் தந்தது. இயற்கை தந்தது பிளாட்டிகேஸ்டர் ஒரைசே என்னும் குளவியை! அது இடும் முட்டை உள்ளேயே பலவாகப் பிரிந்து, ஒரே ஆனைக்கொம்பன் புழுவிலிருந்து பல குளவிகள் வெளிவரும். நட்ட பத்தாம் நாள் வாக்கில், குளவி புகுந்த வெள்ளிக் குழாய்களைப் பறித்து வந்து 10 சதுர மீட்டருக்கு ஒன்று வீதம் வயலில் வைத்தால் போதும் என்கிறது வேளாண்மைப் பல்கலைக்கழகம்.

தட்டானின் குறி தப்புவதே அபூர்வம், தெரியுமா?

இனி வானம்! தட்டான் பாய்ந்தால் 100-க்கு 95-க்கும் மேல் இரை மாட்டும் என்று சோதனைகள் சொல்கின்றன. காட்டு ராஜா சிங்கத்துக்குக்கூட இந்த வெற்றி வாய்க்காது! ஒரு கண்ணுக்குள் ஏறக்குறைய 30,000 சிறு கண்கள். நான்கு சிறகையும் தனித்தனியே இயக்கும் வல்லமை. இரை இருக்கும் இடத்துக்குப் பறக்காமல், இரை போய்ச் சேரப்போகும் இடத்துக்கு முன்கூட்டியே பறக்கும்.

தண்ணீருக்குள் வாழும் அதன் குஞ்சு இன்னும் வியப்பு! கீழுதட்டை மடித்து வைத்திருந்து, இரை அருகே வந்ததும் சட்டென நீட்டிக் கவ்வும். மூச்சு விடுவது குடலின் கடைசிப் பகுதியால். ஆபத்து வந்தால் அதே வழியே தண்ணீரைப் பீய்ச்சி முன்னே பாயும்! கொசுப்புழுவைத் தின்பதும் இதுதான். ஊசித்தட்டான்களோ பயிருக்கு மேலே பறக்காமல், தூர்களின் இடையே தாழப் பறந்து தத்துப்பூச்சிகளைப் பொறுக்கித் தின்கின்றன.

மழைக்காலத்தை ஒட்டி மதுரையில் கூட்டமாக வட்டமிடும் மஞ்சள் தட்டானை எல்லோரும் பார்த்திருப்போம். பண்டாலா ஃபிளேவசென்ஸ் என்று பெயர். இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாக இந்தியப் பெருங்கடலைத் தாண்டி ஆப்பிரிக்காவுக்குப் போகிறது என்று 2009-ல் சார்லஸ் ஆண்டர்சன் என்ற ஆய்வாளர் எடுத்துக்காட்டினார். போக வர 14,000 முதல் 18,000 கிலோமீட்டர்! நான்கு தலைமுறைகள் சேர்ந்து ஒரு சுற்றை முடிக்கின்றன. மழைநீர் தேங்கும் குட்டையிலும் நெல்வயலிலும் முட்டையிட்டுப் பெருகும் உயிர் அது!

ஒரு நாடே 57 மருந்துகளைத் தடை செய்தது, தெரியுமா?

இவ்வளவு பேர் காவல் இருந்தும் புகையான் ஏன் பெருகுகிறது? 1970-களில் பிலிப்பைன்ஸில் இதையே துருவித் துருவி ஆராய்ந்தார் பீட்டர் கென்மோர். கிடைத்த விடை உலகையே உலுக்கியது. மருந்து அடித்த வயலில்தான் புகையான் பெருகுகிறது! மருந்து சிலந்தியையும் மிரிட்டையும் கொன்றுவிடுகிறது. திசுவுக்குள் புதைந்த புகையான் முட்டை பிழைத்துக்கொள்கிறது. பொரிந்து வெளியே வந்தால் தடுக்க ஆளே இல்லை!

1980-களின் நடுவில் இந்தோனேசியாவின் நெல்வயல்களைப் புகையான் சூறையாடியது. 1986 நவம்பரில் அதிபர் சுகார்த்தோ ஆணை போட்டார், நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகள் தடை! அரசு அள்ளிக்கொடுத்த மருந்து மானியமும் படிப்படியாகக் குறைந்து 1989-ல் நின்றது. நாட்டுக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 10 கோடி டாலர் மிச்சம். நெல் உற்பத்தி குறையவும் இல்லை! பிறகு வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. விவசாயிகள் வாரம் ஒருநாள் வயலில் கூடி, பூச்சிகளை எண்ணி, படம் வரைந்து, எது நண்பன், எது பகை என்று தாங்களே முடிவு செய்தார்கள். அந்தப் பள்ளி பிறகு உலகம் முழுவதும் பரவியது, நம் நாட்டுக்கும் வந்தது.

ரேடியோ நாடகம் மருந்தடிப்பதைப் பாதியாக்கியது, தெரியுமா?

1994-ல் வியட்நாமின் லாங் ஆன் மாகாணத்தில் ஒரு பிரசாரம் தொடங்கியது. விதைத்த முதல் 40 நாளுக்கு இலை தின்னும் பூச்சிக்கு மருந்தே வேண்டாம், இதுதான் செய்தி. சுவரொட்டி, துண்டறிக்கை, ரேடியோவில் நகைச்சுவை நாடகம். பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தின் கே.எல். ஹியோங்கும் குழுவினரும் முன்னின்று நடத்தினார்கள். காரணம் எளிது. இளம்பயிரின் இலையைப் புழு கடித்தாலும் பயிர் புது இலையும் புதுத் தூரும் விட்டு ஈடுகட்டிவிடும். அந்த நேரத்தில் அடிக்கும் மருந்து, வேட்டைப் பூச்சிகளைத்தான் அடியோடு அழிக்கும். சில ஆண்டுகளில் விவசாயிகள் மருந்து அடிக்கும் தடவைகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன! 2002-ல் இந்த முயற்சிக்குச் செயின்ட் ஆண்ட்ரூஸ் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது.

வரப்பில் எள் போட்டால் வயலில் மருந்து குறையும், தெரியுமா?

வேட்டைப் பூச்சிக்கும் குளவிக்கும் இரை மட்டும் போதாது. பூந்தேனும் மகரந்தமும் வேண்டும். நெல்வயலில் திரியும் செம்மஞ்சள் பொறிவண்டுகூட இரை குறைந்த நேரத்தில் மகரந்தம் தின்று நாளைக் கடத்தும். சீனா, தாய்லாந்து, வியட்நாம் ஆகிய மூன்று நாடுகளில் வரப்பில் எள் போன்ற பூக்கும் பயிர்களை வளர்த்துச் சோதித்தார்கள். 2016-ல் முடிவு வெளியானது. பூச்சிக்கொல்லி 70 சதவீதம் குறைவு! விளைச்சல் 5 சதவீதம் அதிகம்! வருமானம் 7.5 சதவீதம் அதிகம்!

வரப்பில் உளுந்தும் தட்டைப்பயறும் போடுவது நம் விவசாயிகளுக்குப் புதிதா என்ன? அதோடு எள்ளும் செண்டுமல்லியும் சேர்த்தால், பயறும் பூவும் வீட்டுக்கு, காவல் வயலுக்கு!

இனி என்ன செய்யலாம், தெரியுமா?

விவசாயம் செய்கிற ஒவ்வொருவருக்கும் இது. நடும்போதே எட்டடிக்கு ஓர் அடி பட்டம் விடுங்கள். காற்றும் வெளிச்சமும் தூருக்கு இறங்கினால் புகையானுக்குப் பிடிக்காது. யூரியாவை அள்ளிக் கொட்டாதீர்கள், தழைச்சத்து மிஞ்சினால் புகையான் பெருகும். தண்ணீரை எப்போதும் கட்டி வைக்காமல், காய்ச்சலும் பாய்ச்சலுமாக விடுங்கள். வாரம் ஒருமுறை வயலுக்குள் இறங்கி, அங்கங்கே குத்துகளை விலக்கி, பகை எத்தனை, நண்பர் எத்தனை என்று எண்ணுங்கள். சிலந்தியும் மிரிட்டும் தென்பட்டால் ஒரு வாரம் பொறுத்து மறுபடி எண்ணுங்கள். சேதநிலையைத் தாண்டினால் மட்டும், வேளாண்மைத் துறையைக் கேட்டு, சரியான மருந்தைச் சரியான அளவில், தூரில் படும்படி அடியுங்கள். செயற்கைப் பைரித்ராய்டு வகை மருந்துகளைப் புகையான் இருக்கும் வயலில் தொடவே வேண்டாம். அவை பகையைத் திரும்பப் பெருக்கும் என்று வேளாண்மைப் பல்கலைக்கழகமே எச்சரிக்கிறது.

நிலம் இல்லாதவர்களும் ஒன்று செய்யலாம். பிள்ளைகளை ஒருநாள் வயலுக்குக் கூட்டிப் போங்கள். தட்டான் எது, பொறிவண்டு எது, நீர்மேல் ஓடும் பூச்சி எது என்று காட்டுங்கள். நண்பனை அடையாளம் தெரிந்த பிள்ளை அதை நசுக்காது.

அடுத்த முறை வயலில் பூச்சியைக் கண்டால் தெளிப்பானை எடுக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இது என் நெல்லைத் தின்கிறதா, அல்லது என் நெல்லைத் தின்பதைத் தின்கிறதா? விடை தெரியும்வரை மருந்து வெளியே வரவே வேண்டாம்!